குர்லா தாண்டியதும் வரும் பசி

முலுண்டில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 43. ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாலை ஏழு மணி லோக்கலைப் பிடித்து வீடு சேர எட்டேகால் ஆகிவிடும். கணவருக்கு 48; மூன்று ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்; வாரத்தில் மூன்று நாள் அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், ஆறாம் வகுப்பு மகள், திருநெல்வேலியிலிருந்து வந்து உடன் இருக்கும் மாமியார். வாரத்தில் மூன்று இரவுகள், பெரும்பாலும் திங்கள், புதன், சனி, கடையிலிருந்து சைனீஸ் வரவழைக்கிறார்கள். “ரயில் குர்லாவைத் தாண்டியதும் என் கை தானாகச் செல்போனுக்குப் போய்விடுகிறது. காட்கோபர் வருவதற்குள் ஆர்டர் போட்டு முடித்திருப்பேன்” என்கிறார்.

சென்ற மாதப் பரிசோதனையில் இவருக்கு எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1. கணவருக்கு மாத்திரையையும் மீறி ரத்த அழுத்தம் 146/92. பயந்துபோய்க் கடை உணவை ஒரேயடியாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார். நூடுல்ஸ் களியாகிவிட்டது. ஃப்ரைடு ரைஸைச் சாப்பிட்ட மகன், “சாம்பார் சாதத்துக்குச் சாம்பாருக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றியிருக்கிறாய்” என்றானாம். பத்தே நாளில் மறுபடியும் குர்லா, மறுபடியும் செல்போன். இதற்கிடையில் சோடியம் குறைந்த உப்பு, ‘கோதுமை’ என்று பெரிதாக எழுதிய நூடுல்ஸ், புதிய நான்ஸ்டிக் வாணலி என்று செலவு வேறு. அஜினோமோட்டோ மூளையை அரிக்கும் என்று மாமியார் தினமும் சொல்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: வீட்டில் செய்தால் பயமில்லாமல் சாப்பிடலாமா? அல்லது அடியோடு விட்டுவிட வேண்டுமா? “இத்தனை நாள் பிள்ளைகளுக்கு விஷத்தையா கொடுத்தேன்?”

*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நீங்கள் கொடுத்தது விஷமல்ல. உப்பும் எண்ணெயும் மாவும் அளவுக்கு மிஞ்சிய ஓர் உணவை அடிக்கடி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதைத் திருத்த வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைச் சற்றுக் கலவரப்படுத்தியது. அதை முதலில் பேசிவிடுவோம்.

உப்பு மாற்றியதைப் பற்றி: இதை இன்றே செய்யுங்கள்

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில், சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அதனால் பெரும்பாலும் நன்மைதான். உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளும் டெல்மிசார்டானோ ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய வகை மாத்திரை. லோசார்டான், ராமிப்ரில், எனாலப்ரில் போன்றவையும் அப்படியே. மாத்திரை ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பின் சீர் குலையலாம். சிறுநீரகத்தில் ஏற்கெனவே குறை இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அது வெளியில் தெரியாமலே பல ஆண்டுகள் இருக்கும்.

ஆகவே அந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து வையுங்கள். கணவரின் மருத்துவரைப் பார்த்து, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, அவர் சரி என்று சொன்ன பிறகு அந்த உப்பைத் தொடலாம். அதுவரை வழக்கமான உப்பையே குறைவாகப் போடுங்கள். மாத்திரை சாப்பிட்டும் 146/92 இருப்பதை அதே சந்திப்பில் சொல்லிவிடுங்கள். சமையலை மாற்றினால் சரியாகிவிடும் என்று நீங்களாக மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் வேண்டாம்.

உங்கள் 6.1-ஐப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வரவில்லை. 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-லிருந்துதான் நோய் என்று கணக்கு. சாப்பாட்டாலும் நடையாலும் பலர் திரும்பி வந்திருக்கும் கட்டம் இது.

அந்த ஏக்கம் எங்கே பிறக்கிறது?

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மதியம் ஒரு மணிக்கு மூன்று சப்பாத்தி. அதற்குப் பிறகு நாலரைக்கு ஒரு தேநீர். இரவு ஒன்பது வரை வேறு எதுவும் இல்லை. எட்டு மணி நேரம்! தாதரில் நெருக்கி ஏறும் கூட்டத்துக்கு நடுவே வெறும் வயிற்றோடு நிற்பவரின் கை செல்போனுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? அதை மனவுறுதிக் குறைவு என்று நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு அது பசியாகத்தான் தெரிகிறது. திங்களும் புதனும் உங்களுக்கு அலுவலகத்தில் வேலை நீளும் நாட்கள் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

எனவே முதல் வைத்தியம் அடுப்படியில் இல்லை, உங்கள் கைப்பையில் இருக்கிறது. ஆறரை மணிக்கு, ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன், ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். காலையில் செய்த சுண்டல் ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். குர்லா தாண்டும்போது ஆர்டர் போடத் தோன்றினாலும் நாலு ஐட்டம் இரண்டாகச் சுருங்கும்.

பசி போனாலும் நாக்கின் ஏக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதில் தவறில்லை. பூண்டு எண்ணெயில் பொரியும் வாசம், வினிகரின் புளிப்பு, சோயாவின் கரிந்த இனிப்பு, பல்லில் நறுக்கென்று படும் முட்டைகோஸ்: கேட்பது இந்த நான்கைத்தான். அரை கப் எண்ணெயை நாக்கு கேட்கவில்லை. சிவப்புச் சாயத்தையும் கேட்கவில்லை.

“சீனர்கள் தினமும் இதையே சாப்பிட்டு எப்படி ஒல்லியாக இருக்கிறார்கள்?” என்று மகன் கேட்டானாம். அவர்கள் இதைச் சாப்பிடுவதில்லை என்று சொல்லுங்கள். மஞ்சூரியாவில் மஞ்சூரியன் என்றொரு பண்டம் கிடையாது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் சமையலில் தொடங்கி, நம் ஊர் நாக்குக்காக வளர்ந்த சமையல் இது. சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது 1975-இல், நம் மும்பையில், கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில் என்பார்கள். நெல்சன் வாங் என்ற சமையல்காரர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸும் சோள மாவும் சேர்த்தார் என்பது கதை. அதாவது உங்கள் மகன் ‘சாம்பார் சாதம்’ என்று கேலி செய்ததில் பாதி உண்மை இருக்கிறது. இது நம் வீட்டுத் தாளிப்பின் ஒன்றுவிட்ட தம்பிதான். சீனக் குடும்பங்களின் அன்றாடச் சாப்பாட்டில் ஆவியில் வெந்ததும் தெளிந்த சூப்பும் சும்மா வதக்கிய கீரையும் இடம்பெறும்.

வீட்டில் செய்தால் மட்டும் போதுமா?

இங்கேதான் உங்களோடு சற்று மாறுபடுகிறேன். நீங்கள் செய்த ஃப்ரைடு ரைஸின் அளவுகளை நேர்மையாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. கணக்குப் பிரிவுக்காரர் என்பது தெரிகிறது. நானும் கணக்குப் போட்டேன்.

நான்கு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ‘நிறத்துக்காக’ இரண்டு டேபிள்ஸ்பூன் சில்லி சாஸ், அரை கப் எண்ணெய். நான்கு பேருக்கு. ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. உப்பாகச் சொன்னால் இரண்டேகால் கிராம். நான்கு ஸ்பூனும் நான்கு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு அந்த இரண்டேகால். மேலே போட்ட உப்பில் ஆளுக்கு இரண்டு கிராம். சில்லி சாஸையும் சேர்த்தால் ஒரு தட்டிலேயே 5 கிராமைத் தொட்டுவிட்டீர்கள். ஒரு நாள் முழுவதற்கும் அதற்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காலை இட்லி, சட்னி, மதிய ஊறுகாய் எல்லாம் அதற்கு மேல். எண்ணெயோ, அரை கப்பில் ஆயிரம் கலோரிக்குப் பக்கம், ஆளுக்கு இருநூற்றைம்பது.

கடைக்காரர் இதைவிட அதிகம் போட்டிருக்கலாம், குறைவாகவும் போட்டிருக்கலாம். நமக்குத் தெரியாது. வீட்டுச் சமையலின் லாபமே அது தெரிவதுதான். ஸ்பூனை எடுக்காமல் பாட்டிலைச் சாய்த்தால் அந்த லாபமும் போய்விடும்.

‘கோதுமை நூடுல்ஸ்’ விஷயத்தில் உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து தொடங்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதலில் மைதாவின் பெயர் இருந்து, முழுக் கோதுமை மூன்றாவதாக இருந்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்துக்கு நீங்கள் கொடுத்த கூடுதல் காசு வீண். மைதாவும் கோதுமைதானே என்று அவர்கள் வாதாடுவார்கள்.

அஜினோமோட்டோ மீதான வழக்கு

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய சேதி இது. 1908-இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டார். அதை உப்பாக்கி விற்ற பெயர்தான் அஜினோமோட்டோ. தக்காளியிலும் காளானிலும் அதே குளூட்டமேட் இயற்கையாக இருக்கிறது. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ரசத்தின் ருசியில் அதற்கும் பங்குண்டு. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதம்தான் இந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் எழுதி, காரணம் இதுவா அதுவா என்று கேட்டிருந்தார். பிறகு நடந்த ஆய்வுகளில், வெறும் வயிற்றில் நிறைய எடுத்துக்கொண்ட சிலருக்குச் சற்று நேரம் தலைவலி, படபடப்பு வந்ததைத் தவிர, உணவில் சேரும் அளவில் கெடுதல் உறுதியாகவில்லை. மூளையை அரிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அதற்காக வாங்கிப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் தரும் முறைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அதில் இருக்கும் சோடியம் சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ‘அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’ என்று பலகை வைத்த கடை உப்பை அள்ளிப் போட்டிருந்தால், உங்கள் கணவருக்கு அந்தப் பலகையால் என்ன பயன்? குற்றவாளி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்க, நாம் வாசலில் போகிறவரைப் பிடித்து அடிக்கிறோம்.

கடை உணவின் செயற்கை நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பயம் நியாயமானது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்தது. கையில் ஒட்டி, கழுவியும் போகாத சிவப்பைக் கண்டால் அந்தக் கடையை மாற்றுங்கள்.

அடுப்படியில்

உங்கள் ரைஸ் குழைந்ததற்கும் நூடுல்ஸ் களியானதற்கும் காரணம் கைப்பக்குவம் இல்லை, ஈரம். கடையின் அடுப்பு சூறைக்காற்றுப் போல எரியும். காயில் இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகிவிடும். நம் வீட்டு அடுப்புக்கு அந்தத் திராணி இல்லை. நான்கு பேருக்கானதை ஒரே வாணலியில் கொட்டினால் காய் வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்துபோகும். ஆகவே இரண்டு ஈடாகச் செய்யுங்கள். தோசையை ஒவ்வொன்றாகத்தானே வார்க்கிறோம்?

அரிசிக்குப் பாசுமதி தேவையில்லை. மும்பையில் எல்லார் வீட்டிலும் இருக்கும் கோலம் அரிசியே போதும். நான்கு பேருக்கு ஒரு கப் அரிசி, அதிகம் வேண்டாம். நிறைய தண்ணீரில் வேகவிட்டு, பருக்கையின் நடுவில் ஓர் ஊசிமுனை விறைப்பு இருக்கும்போதே வடித்து, தாம்பாளத்தில் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

‘முதல் நாள் இரவே வடித்து மேடையில் வைத்துவிடுகிறேன், பழைய சோறு வெளியில்தானே இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இதற்கு மருத்துவ உலகில் ‘ஃப்ரைடு ரைஸ் நோய்’ என்றே பெயர் உண்டு. பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிப்பதால் அதற்கு அந்தப் புளிப்பே ஓரளவு காவல். உலர்ந்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம்.

இனி வறுப்பது. முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், குடமிளகாய் எல்லாம் சேர்ந்து ஐந்து கப் இருக்கட்டும். பார்வைக்குச் சோற்றைவிடக் காய் அதிகமாகத் தெரிய வேண்டும். கழுவிய காயைத் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றிவிடுங்கள். பூண்டு பன்னிரண்டு பல்லைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் கசக்கும், அடியும் பிடிக்கும். இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஈட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றித் தணலைக் குறைத்துப் பாதிப் பூண்டைப் போடுங்கள். அதன் ஓரங்கள் வைக்கோல் நிறத்துக்கு வரும் வேளையில் கீறிய பச்சை மிளகாயும் பாதிக் காயும். உடனே தணலை முழுக்கத் திறந்துவிடுங்கள். இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘சர்ர்’ என்ற சத்தம் விடாமல் கேட்க வேண்டும். அது ‘முசுமுசு’ என்று அடங்கினால் காய் தண்ணீர் விடுகிறது, அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒன்றரை நிமிடம் போதும். கேரட்டில் இன்னும் நறுக்கென்ற கடி இருக்கட்டும்.

பிறகு பாதிச் சோறு. சோயா சாஸ் ஈட்டுக்கு அரை டேபிள்ஸ்பூன், அளந்து. அதைச் சோற்றின் தலையில் ஊற்றாமல், வாணலியின் சூடான பக்கச் சுவரில் வழியவிடுங்கள். இரும்பில் பட்டதும் பொங்கிக் கருகும் அந்த வாசம்தான் கடை வாசம். இதைச் செய்யாமல் எத்தனை ஸ்பூன் ஊற்றினாலும் நாக்கு ‘போதவில்லை’ என்றுதான் சொல்லும். மேலே உப்பு வேண்டாம். வெள்ளை மிளகுத்தூள், அடுப்பை அணைத்த பிறகு ஒரு டீஸ்பூன் வினிகர், கைநிறைய வெங்காயத்தாள். சுவைக்குக் குறை தோன்றினால் உப்பைத் தேடாமல் இன்னும் அரை ஸ்பூன் வினிகர் விட்டுப் பாருங்கள். புளிப்பு ஏறினால் உப்பும் ஏறியது போல நாக்குக்குத் தோன்றும்.

இந்தக் கணக்கில் சோயா சாஸ் வழியாக ஆளுக்கு அரை கிராம் உப்புக்குச் சற்று அதிகம். எண்ணெய் நீங்கள் ஊற்றியதில் கால் பங்கு.

புதிய நான்ஸ்டிக் வாணலியில் இதைச் செய்யாதீர்கள். அதை வெறுமனே அதிகத் தணலில் காயவிட்டால் மேற்பூச்சு சிதைந்து புகை வரும். தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நூடுல்ஸுக்கும் இதே முறைதான். உறையில் சொன்னதைவிட ஒரு நிமிடம் முன்னதாக வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டிப் பரப்பிவிடுங்கள். 150 கிராம் பாக்கெட் நான்கு பேருக்குப் போதும். முட்டைகோஸை நூடுல்ஸ் போலவே நீளமாகச் சீவிச் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பாதி தெரியவே தெரியாது. மகனுக்குத் தெரியும், அவன் பேசுவான், சாப்பிடுவான்.

உங்கள் 6.1-க்காக இன்னொன்று: தட்டில் புரதம் இருக்கட்டும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு முட்டை. முட்டை தொடாத மாமியாருக்கு டோஃபு; சோயா பனீர் என்ற பெயரில் கிடைக்கும். அதை ஒற்றி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொன்னிறமாக வாட்டிச் சேர்க்கலாம். முதலில் காயும் புரதமும் நாலு வாய், அதன் பிறகு சோறு என்று சாப்பிட்டாலே ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் தணியும்.

மஞ்சூரியனுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன், மாமியாருக்குப் பிடிக்கும். துருவிய கோஸும் கேரட்டும் நன்றாகப் பிழிந்து, இஞ்சி, மிளகு, இரண்டு ஸ்பூன் சோள மாவு, கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து உருட்டிப் பணியாரக் கல்லில் வேகவையுங்கள். குழிக்கு நான்கு சொட்டு எண்ணெய் போதும்; குச்சியால் திருப்பி எல்லாப் பக்கமும் சிவக்கவிட வேண்டும். பொரித்ததன் மொறுமொறுப்பில் முக்கால்வாசி வந்துவிடும். குழம்பில் போட்டால் அந்த மிச்சமும் யாருக்கும் தெரியாது.

ஷெஸ்வான் சட்னிக்கு: பதினைந்து காஷ்மீர் மிளகாயை விதை நீக்கிச் சுடுநீரில் ஊறவைத்து அரையுங்கள், சாயம் இல்லாமலே சிவப்பு கிடைத்துவிடும். நிறைய பூண்டு, சிறிது இஞ்சி, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் உப்பு. எண்ணெயில் மூழ்கிய பூண்டை வெளியில் வைக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று உண்டு. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். சிச்சுவான் மிளகு இல்லாத ஷெஸ்வான் என்ன ஷெஸ்வான் என்று யாராவது கேட்டால், கொங்கணத்தார் மீன் குழம்பில் போடும் திர்ஃபள் அதே இனத்து மரத்தின் காய்தான். மராட்டி மளிகைக் கடையில் கேளுங்கள். விதையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் இரண்டு தட்டிப் போட்டால் நாக்கு லேசாக விறுவிறுக்கும்.

யார் நறுக்குவது?

இதைக் கேட்காமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் காகிதம். எட்டேகாலுக்கு வீடு சேர்பவர் ஐந்து கப் காயை நறுக்கி, இரண்டு ஈடாக வறுத்து, பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் நானே உங்களுக்குச் செல்போனை எடுத்துக் கொடுப்பேன். “வீட்டிலேயே செய்துவிடேன்” என்று கணவர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உடம்பு அவருடையது, ரத்த அழுத்தமும் அவருடையது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் ஐந்து மணிக்கு அரிசியை வடித்து ஃபிரிட்ஜில் வைப்பது அவர் பொறுப்பாகட்டும். காய் நறுக்குவது மகனிடம். பத்தாம் வகுப்பு என்பதால் இருபது நிமிடம் கூட இல்லையா என்று கேளுங்கள், செல்போனுக்கு இருக்கிறதே. மாமியார் சீரியல் பார்த்தபடி பூண்டு உரிக்கலாம். அஜினோமோட்டோ இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளவும் செய்வார். நீங்கள் வந்து முகம் கழுவி, வாணலியைச் சூடாக்கினால் பதினைந்து நிமிடத்தில் தட்டு வந்துவிடும். டெலிவரிக்காரருக்காக நீங்கள் காத்திருந்த நேரத்தைவிட இது குறைவு.

மூன்று பேரும் ஒத்துழைக்காத வாரத்தில் இதை முயலாதீர்கள். அன்று இட்லிப் பொடியும் தயிர்ச்சோறுமே போதும்.

சனிக்கிழமை

அடியோடு விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை விட்டுப் பார்த்துவிட்டீர்கள், பத்து நாள் தாங்கியது. திங்களும் புதனும் வீட்டில். சனிக்கிழமை கடை, அதுவும் மாதத்தில் இரண்டு. பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள், தினமும் நச்சரிக்க மாட்டார்கள். வாங்கும் கடையின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் செயலியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் விரும்பும் ட்ரிபிள் ஷெஸ்வானை வீட்டில் செய்ய முயல வேண்டாம். சோறும் நூடுல்ஸும் குழம்பும் ஒன்றாகி, மேலே பொரித்த நூடுல்ஸும் சேரும் அந்தப் பண்டத்தைச் சத்தாக்கினால் அது வேறொன்றாகிவிடும். கடையிலிருந்தே வரட்டும். ஆளுக்கொன்றாக இல்லாமல் வீட்டுக்கு ஒன்று. குழம்பைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். உப்பில் பெரும்பகுதி அதில்தான். கணவர் தன் தட்டில் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டுக்கொள்ளட்டும். சூப் வேண்டாம், அது சோள மாவு கரைத்த உப்புத் தண்ணீர். பக்கத்தில் வெள்ளரிக்காயும் வீட்டில் வதக்கிய கோஸும் ஒரு பெரிய கிண்ணம் இருந்தால், வந்த பெட்டியில் கொஞ்சம் மிச்சமாகும். மிச்சத்தை இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணவர் இரண்டு வாரம், காலையும் இரவும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து ஒரு நோட்டில் குறிக்கட்டும். கடை உணவு சாப்பிட்ட நாளுக்கு ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் எச்பிஏ1சியை அடுத்த மாதமே பார்க்க வேண்டாம். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, அவசரப்பட்டால் பழைய கணக்கையும் சேர்த்துத்தான் காட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பணியாரக் கல்லில் மஞ்சூரியன் சிவந்ததா, மாமியார் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.